கென்யாவில் ஒரு கவுன்டிக்கு எரிசக்தித் திட்டம் தீட்டுவது எப்படி? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கென்யாவின் வடக்கே, மர்சபிட் கவுன்டியில், துர்க்கானா ஏரிக்குச் சற்றுத் தள்ளி 365 காற்றாலைகள் நிற்கின்றன. மொத்தத் திறன் 310 மெகாவாட். அங்கு பிறக்கும் மின்சாரம் சுமார் 430 கிலோமீட்டர் கம்பி வழியே தெற்கே சுஸ்வா வரை போய்த்தான் தேசிய மின்கட்டமைப்பில் சேர்கிறது. அதே கவுன்டியின் தலைநகரான மர்சபிட் நகரமோ, காற்றாலைகள் ஓடத் தொடங்கிய பிறகும் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரை நம்பியே காலம் தள்ளியது.

கவுன்டி எரிசக்தித் திட்டம் என்ற வேலைக்கு வருகிறவர்கள் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இதைத்தான். ஒரு கவுன்டியின் எல்லைக்குள் எத்தனை மெகாவாட் உற்பத்தியாகிறது என்பது ஒரு கணக்கு. அந்தக் கவுன்டி மக்களுக்கு என்ன கிடைக்கிறது என்பது வேறு கணக்கு. நைரோபியில் எழுதப்படும் அறிக்கைகள் பலவும் முதல் கணக்கிலேயே நின்றுவிடுகின்றன. உங்களைக் கூப்பிடுவது இரண்டாவது கணக்கைப் போட்டுப் பார்க்கத்தான்.

ஆலோசனை நிறுவனத்திலோ தொண்டு நிறுவனத்திலோ சேர்ந்து கென்யாவுக்கு வரும் இளம் பொறியாளர்களையும் பொருளாதாரம் படித்தவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

கவுன்டியின் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

நம் ஊர்ப் பழக்கத்தில் கவுன்டியை மாவட்டம் என்று நினைத்துக்கொண்டு வந்தால் முதல் வாரத்திலேயே தடுமாறுவீர்கள். கலெக்டர் போல மேலிருந்து நியமிக்கப்படும் அதிகாரி அங்கே தலைவர் அல்லர். 2010ஆம் ஆண்டு அரசியலமைப்பு 47 கவுன்டிகளை உருவாக்கியது. 2013 முதல் ஒவ்வொன்றுக்கும் மக்கள் தேர்ந்தெடுத்த ஆளுநர் உண்டு, சட்டசபை உண்டு, தனி வரவு செலவுத் திட்டமும் உண்டு. அந்தச் சபை உறுப்பினர் மனது வைக்காவிட்டால் உங்கள் திட்டம் அலமாரிக்குத்தான் போகும்.

அரசியலமைப்பின் நான்காம் அட்டவணை யார் எதைச் செய்வது என்று பிரித்துக் கொடுத்திருக்கிறது. எரிசக்திக் கொள்கை தேசிய அரசின் பக்கம்; பெரிய மின்னுற்பத்தியும் உயரழுத்த மின்தடமும் அதோடு சேர்ந்தே வருகின்றன. கவுன்டிப் பட்டியலில் மின்சார, எரிவாயு விநியோகமும் எரிசக்தி ஒழுங்குமுறையும் எழுத்தில் இருக்கின்றன. நடைமுறையில் கம்பியும் மீட்டரும் கென்யா பவர் நிறுவனத்திடம்தான். விலையையும் உரிமத்தையும் ஈப்ரா என்ற ஒழுங்குமுறை ஆணையம் பார்க்கிறது. கிராம மின்மயம் ரெரெக் என்ற அரசு நிறுவனத்தின் பொறுப்பு.

கவுன்டியிடம் உண்மையாகவே இருப்பவை வேறு. ஊராட்சிக் குடிநீர், ஆரம்ப சுகாதார நிலையங்கள் முதல் கவுன்டி மருத்துவமனை வரை, தெருவிளக்கு, சந்தை, வேளாண்மை, மழலையர் கல்வி, தொழிற்பயிற்சிக் கூடங்கள், நிலப் பயன்பாட்டுத் திட்டம். தொடக்கப் பள்ளிகளும் உயர்நிலைப் பள்ளிகளும் இந்தப் பட்டியலில் இல்லை. அவை தேசிய அரசைச் சேர்ந்தவை. இதைக் கவனிக்காமல் 'எல்லாப் பள்ளிகளுக்கும் சோலார்' என்று கவுன்டித் திட்டத்தில் எழுதினால், நிதித்துறை அலுவலர் முதல் வாசிப்பிலேயே கோடு போட்டு அடித்துவிடுவார்.

சட்டப்படி இந்த வேலைக்கு வேர் 2019ஆம் ஆண்டு எரிசக்திச் சட்டத்தின் 5ஆம் பிரிவு. ஒவ்வொரு கவுன்டியும் தன் தேவைக்கேற்ப எரிசக்தித் திட்டம் தயாரித்து அமைச்சரிடம் தர வேண்டும். அவற்றையெல்லாம் சேர்த்து ஒருங்கிணைந்த தேசியத் திட்டம் உருவாகும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அது மறுபரிசீலனைக்கு வரும். மக்குவேனி, கிடூயி போன்ற கவுன்டிகள் இந்த வேலையில் முன்னால் போயிருக்கின்றன. வந்தவுடன் அவற்றின் ஆவணங்களைத் தேடிப் படித்துவிடுங்கள். வார்ப்புருவுக்காகப் படிக்க வேண்டாம், அது எங்கும் கிடைக்கும். மக்களிடம் எதைக் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்று பார்க்கப் படியுங்கள்.

பில்லில் இருந்து தொடங்குங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் எங்கே எவ்வளவு வெயில் என்று காட்டும் சூரிய வரைபடத்தைத் திறந்துவைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவார்கள். வண்ணம் வண்ணமாக அழகாகத்தான் இருக்கும். அதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள்.

முதலில் கவுன்டிக் கருவூலத்துக்குப் போய், சென்ற மூன்று ஆண்டுகளில் கவுன்டி எரிசக்திக்குச் செலவழித்த தொகையைக் கேளுங்கள். 'எரிசக்தி' என்ற தலைப்பில் அது இருக்காது. மருத்துவமனை மின்கட்டணம் சுகாதாரத் துறையில் கிடக்கும். ஆழ்துளைக் கிணறுகளுக்கான டீசல் நீர்த்துறையில். தெருவிளக்கு பொதுப்பணியில். ஜெனரேட்டர் பழுது 'இதர செலவினம்' என்ற பெயரில் எங்காவது ஒளிந்திருக்கும். இவற்றைச் சேர்த்து ஒரே தாளில் எழுதிவிட்டாலே போதும். ஆளுநர் அலுவலகத்தில் உங்களுக்கு நாற்காலி கிடைக்கும். இந்தத் தொகையை ஒரே இடத்தில் பார்த்தவர்கள் அங்கே அனேகமாக யாரும் இருக்க மாட்டார்கள்.

பாக்கித் தொகையையும் விசாரியுங்கள். கவுன்டிக்கும் கென்யா பவருக்கும் இடையே இது பழைய தகராறு. மின்கட்டணம் கட்டவில்லை என்று கென்யா பவர் சொல்லும். எங்கள் நிலத்தில் கம்பம் நட்டதற்கு வழிவாடகை தரவில்லை என்று கவுன்டி சொல்லும். 2025 பிப்ரவரியில் இது முற்றி, நைரோபியில் கென்யா பவர் தலைமை அலுவலக வாசலில் மாநகரக் குப்பை கொட்டப்பட்டது. மின்நிறுவனத்தோடு இப்படி ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கும் கவுன்டியில், அந்த நிறுவனத்தின் ஒத்துழைப்பை நம்பித் தீட்டும் திட்டத்துக்கு ஆயுள் குறைவு.

ஒரு கிணற்றுக் கணக்கு

வறண்ட வடக்குக் கவுன்டிகளில் மிக விரைவாகப் பலன் தருவது தண்ணீர். அதனால் ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை, முறை எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

இரண்டாயிரம் பேர் உள்ள ஒரு குடியிருப்பு. ஆளுக்கு 20 லிட்டர் என்றால் நாளுக்கு 40,000 லிட்டர் தேவை. கிணற்றின் நீர்மட்டத்திலிருந்து மேல்நிலைத் தொட்டி வரை உயரம், குழாய் உராய்வையும் சேர்த்து, 100 மீட்டர். ஆயிரம் லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் ஏற்ற இயற்பியல் கேட்பது 0.27 யூனிட். பம்பும் மோட்டாரும் பாதியைத் தின்றுவிடும் என்று வைத்துக்கொண்டால் 0.55 யூனிட். ஆக நாளொன்றுக்கு 22 யூனிட்.

நல்ல வெயில் உள்ள இடத்தில் ஒரு கிலோவாட் பேனல், தூசும் சூடும் தின்றது போக, நாளுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். அப்படியானால் ஐந்தரை கிலோவாட் வேண்டும். 550 வாட் பேனல்கள் பத்து. இதே வேலையைச் சிறு டீசல் ஜெனரேட்டர் செய்தால், லிட்டருக்கு இரண்டே முக்கால் யூனிட் என்ற கணக்கில், நாளுக்கு 8 லிட்டர். ஆண்டுக்கு மூவாயிரம் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த டீசலை ஏற்றிக்கொண்டு போகும் பிக்கப் வண்டி குடிப்பது தனி.

இதுவரை எந்த விற்பனையாளரும் சொல்லித் தருவார். அவர் சொல்லாதது இனிமேல் வருகிறது. டீசல் என்ஜின் எட்டு மணி நேரம் ஒரே சீராக, மணிக்கு 5,000 லிட்டர் என்று இழுத்துக்கொண்டிருந்தது. சோலார் பம்பு அப்படி ஓடாது; காலையில் சோம்பும், நடுப்பகலில் வேகம் எடுக்கும். நாள் முழுவதற்குமான தண்ணீரை அது இழுத்து முடிக்க வேண்டுமானால் உச்சி வெயிலில் மணிக்கு 7,000 லிட்டருக்கு மேல் இழுத்தாக வேண்டும். கிணற்றின் சுரப்பு மணிக்கு 5,000 லிட்டர்தான் என்றால் மத்தியானம் பம்பு வறண்டு நிற்கும், அல்லது உறுப்பு தேய்ந்து சில மாதங்களில் உயிரை விடும். 'சோலார் போட்டார்கள், வேலை செய்யவில்லை' என்று ஊர் சொல்வதற்குப் பின்னால் இந்தக் காரணம் இருப்பது உண்டு. எனவே பேனல் வாங்கும் முன் சுரப்புச் சோதனை. சுரப்பு குறைவாக இருந்தால் சிறிய பம்பு, கூடுதல் பேனல், பெரிய தொட்டி என்று கணக்கை மாற்றுங்கள். பேனலைக் கூட்டினால் காலையிலும் மாலையிலும் பம்பு தன் அளவுக்கு ஓடும். நடுப்பகல் உச்சத்தைக் கட்டுப்பாட்டுப் பெட்டி தடுத்துவிடும்.

எங்கே ஐந்து கிணறுகளுக்கு இந்தக் கணக்கு போட முடிகிறதோ, அங்கே ஐம்பதுக்கும் போடலாம். ஐம்பது கிணறுகளின் டீசல் மிச்சத்தை ஒன்றாகக் காட்டினால் அது முதலீட்டுத் திட்டம் ஆகிறது.

பராமரிப்புக்கு ஆண்டுதோறும் ஒரு தொகையைத் தனியாக எழுதுங்கள். பேனல் இருபது ஆண்டுக்கு மேல் உழைக்கும். இன்வெர்ட்டரும் பம்பும் அவ்வளவு நாள் வராது. உதிரிப்பாகம் நைரோபியிலிருந்து வர வேண்டும். அது வரும் வரை பெண்கள் குடத்தோடு நடக்க வேண்டும். பேனல் திருட்டும் நடப்பதுதான். வேலியும் காவலும் செலவில் சேர வேண்டும்.

வார்டு வார்டாக உட்கார்ந்து கேளுங்கள்

அங்கே ஊர்க்கூட்டத்துக்கு பராசா என்று பெயர். பொதுமக்கள் பங்கேற்பு கென்யாவில் அரசியலமைப்பு விதித்த கடமை. அதைச் சரியாகச் செய்யாத சட்டங்களையும் முடிவுகளையும் நீதிமன்றங்கள் ரத்து செய்திருக்கின்றன. ஆகவே வருகைப் பதிவேடு, புகைப்படம், கூட்டக் குறிப்பு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

'உங்களுக்கு மின்சாரம் வேண்டுமா?' என்று கேட்காதீர்கள். வேண்டாம் என்று யார் சொல்லப் போகிறார்கள்? என்ன வேலை நின்று கிடக்கிறது என்று கேளுங்கள். மக்காச்சோளம் அரைக்கும் போஷோ மில் எவ்வளவு தொலைவில் இருக்கிறது, அது டீசலிலா ஓடுகிறது, பால் எந்த நேரத்துக்குள் கெட்டுப்போகிறது, ஏரி மீனை ஐஸ் இல்லாமல் எவ்வளவு தூரம் கொண்டுபோக முடிகிறது, இரவில் பிரசவம் நடந்தால் மருந்தகத்தில் எந்த வெளிச்சம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பெண்களோடு தனியாக உட்கார ஏற்பாடு செய்யுங்கள். மேய்ச்சல் சமூகங்களில் பொதுக்கூட்டத்தில் பேசுவது பெரியவர்களும் ஆண்களுமே. விறகு சுமப்பவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

விறகு என்றதும் ஒரு விஷயம். எரிசக்தித் திட்டம் என்றால் மின்சாரத் திட்டம் என்று எடுத்துக்கொள்வது புதியவர்களிடம் மட்டும் உள்ள பழக்கம் அல்ல. மூத்தவர்களும் அதில் சளைத்தவர்கள் இல்லை. 2019 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கென்யக் குடும்பங்களில் 55 சதவீதத்துக்கு மேல் விறகில் சமைத்தன. இன்னொரு 11 சதவீதத்துக்கு மேல் மரக்கரியில். நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் புதுப்பிக்கத்தக்கது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நாட்டின் அடுப்பங்கரை இப்படி இருக்கிறது. 2018இல் கிடூயி கவுன்டி கரி வியாபாரத்துக்குத் தடை போட்டபோது கரிக்காரர்களின் பிழைப்பும் பக்கத்துக் கவுன்டி வியாபாரிகளும் அரசியலும் மோதிக்கொண்டதைப் பழைய செய்தித்தாள்களில் படித்துப் பாருங்கள். மாற்று எதுவும் தராமல் கரியை நிறுத்த முடியாது. எரிவாயு உருளை கிடைக்கும் கடை எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது, மேம்பட்ட அடுப்பு செய்யும் கைவினைஞர்கள் யார், கால்நடை கட்டிவைக்கப்படும் பகுதிகளில் சாண எரிவாயு எடுபடுமா என்று வார்டு வாரியாக எழுதுங்கள். மேய்ச்சலுக்கு மாடு அலைந்துகொண்டே இருக்கும் இடத்தில் சாணத்தைப் பொறுக்க ஆள் கிடையாது. அங்கே சாண எரிவாயுவை எழுதினால் ஊரே சிரிக்கும்.

இப்போது வரைபடத்தைத் திறக்கலாம்

கருவிகளில் பலவற்றுக்குப் பணம் தேவையில்லை. வரைபடம் போடும் கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். குளோபல் சோலார் அட்லஸ், குளோபல் விண்ட் அட்லஸ் இரண்டும் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. எந்தக் குடியிருப்புக்கு எந்த வழி மலிவு என்று கணக்கிட ஆன்செட் உண்டு. தேவையை ஆண்டுவாரியாக நீட்டிப் பார்க்க லீப் உண்டு. ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொண்டால் போதும்.

வெயிலைப் பொறுத்தவரை வரைபடம் சொல்வதை ஏறக்குறைய நம்பலாம். காற்று அப்படியல்ல. ஒரு மலைமுகடு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் வருமானம் தலைகீழாகும். கம்பம் நட்டு ஓராண்டாவது அளக்காமல் எந்த வங்கியும் பணம் தராது. புவிவெப்பம் பிளவுப் பள்ளத்தாக்கை ஒட்டிய கவுன்டிகளுக்கான விஷயம். நகுரு கவுன்டியின் ஒல்காரியாவில் 1981 முதல் அது ஓடுகிறது. தோண்டும் செலவும் தோண்டி ஏமாறும் ஆபத்தும் பெரியவை என்பதால் அதற்கென்றே அரசு ஒரு நிறுவனம் வைத்திருக்கிறது. கவுன்டி அதில் கைவைக்க வேண்டியதில்லை. ஆனால் உரிமைப் பங்கைக் கேட்டு வாங்க வேண்டும். புவிவெப்ப ஆற்றலுக்கு உற்பத்தியாளர் செலுத்தும் ராயல்டியில் தேசிய அரசுக்கு 75, கவுன்டிக்கு 20, உள்ளூர்ச் சமூகத்துக்கு 5 சதவீதம் என்று 2019 சட்டம் பிரித்திருக்கிறது. உங்கள் கவுன்டி அந்தப் பட்டியலில் வந்தால், அந்த 5 சதவீதத்தை யார் பெறுவது, எப்படிப் பிரிப்பது என்பதை முன்கூட்டியே எழுதிவையுங்கள். பணம் வந்த பிறகு பேசினால் சண்டைதான்.

அடுத்து, கம்பியா, ஊர் அளவிலான சிறு மின்கட்டமைப்பா, வீட்டுக்கு வீடு சோலாரா என்ற கேள்வி. மின்மாற்றியிலிருந்து 600 மீட்டருக்குள் இருக்கும் வீடுகளைக் 'கடைசி மைல்' திட்டம் இணைத்துக்கொண்டு வந்திருக்கிறது. அந்த வட்டத்துக்குள் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். வட்டத்துக்கு வெளியே, வீடுகள் நெருங்கிக் கிடந்து, போஷோ மில், வெல்டிங் கடை, குளிர்பெட்டிக் கடை என்று நாலு தொழிலும் இருந்தால் சிறு மின்கட்டமைப்பு தாங்கும். வீடுகள் சிதறிக் கிடந்தால் வீட்டு சோலார். எம்பெசா என்ற கைபேசிப் பணச் சேவை மூலம் நாளுக்கு இவ்வளவு என்று தவணை கட்டி சோலார் பெட்டி வாங்கும் முறை அங்கே 2012 முதலே வேரூன்றிவிட்டது. கவுன்டி அதற்குப் போட்டியாக இலவசம் கொடுக்கப் போனால் இருக்கும் கடைக்காரர்களும் மூடிவிட்டுப் போவார்கள், பழுது பார்க்க ஆள் இருக்காது.

சிறு மின்கட்டமைப்பு பற்றி ஓர் எச்சரிக்கை. ஐந்தாண்டில் பெரிய கம்பி அந்த ஊருக்கு வந்துவிட்டால் முதலீடு செய்தவர் என்ன ஆவார்? கென்யா பவர், ரெரெக் இரண்டின் விரிவாக்க வரைபடங்களையும் கேட்டு வாங்கி உங்கள் வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். உடனே தர மாட்டார்கள். கவுன்டிச் செயலாளரின் கடிதத்தோடு போங்கள், பிறகு இன்னொரு முறை போங்கள்.

நிலம்: இங்கேதான் திட்டங்கள் சாகின்றன

மூன்று காற்றாலைத் திட்டங்களின் கதையை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம்.

நியான்டருவா கவுன்டியின் கினங்கோப்பில் 60 மெகாவாட் காற்றாலைத் திட்டம். பணம் தயார், ஒப்பந்தம் தயார். ஆனால் அது சிறு விவசாயிகள் நெருங்கி வாழும் பூமி. நிலம், நஷ்டஈடு, உடல்நலம் பற்றிய அச்சம், உள்ளூர் அரசியல் எல்லாம் சேர்ந்து போராட்டமாக வெடித்தது; உயிர்ப்பலியும் நேர்ந்தது. 2016இல் திட்டம் கைவிடப்பட்டது.

மர்சபிட்டில் துர்க்கானா ஏரித் திட்டம் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ஏக்கர் மேய்ச்சல் நிலத்தில் வந்தது. கட்டிமுடித்தார்கள். ஆனால் மின்தடம் தாமதமானதால் 2017இலேயே தயாராகிவிட்ட காற்றாலைகள் 2018 பிற்பகுதி வரை சும்மா நின்றன. அந்தத் தாமதத்துக்கான இழப்பீட்டுச் சுமை அரசின் தலையில் விழுந்தது. 2021 அக்டோபரில் மெரு நீதிமன்றம் அந்த நிலப் பட்டாக்கள் சட்டமுறைப்படி வழங்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. ஓடிக்கொண்டிருக்கும் ஆலைக்கு அடியில் பட்டா ஆட்டம் காண்பது எப்படிப்பட்ட நிலை என்று முதலீட்டாளர் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள்.

கஜியாடோவின் கிபெட்டோவில் 100 மெகாவாட். மாசாய் நில உரிமையாளர்களிடமிருந்து நிலத்தை வாங்கவில்லை, குத்தகைக்கு எடுத்தார்கள். உரிமையாளர்களுக்கு வருமானத்தில் பங்கு உண்டு, சமூக அறக்கட்டளைக்கு நிறுவனத்தில் 5 சதவீதப் பங்கு உண்டு, காற்றாலைகளுக்கு மிக அருகில் இருந்தவர்களுக்குப் புது வீடும் கட்டித் தந்தார்கள். அந்தப் பகுதியில் பாறு கழுகுகள் இருப்பதால் அவற்றுக்கென்று தனிப் பாதுகாப்பு ஏற்பாடும் செய்தார்கள். 2021 முதல் ஆலை ஓடுகிறது.

மூன்றிலும் காற்று நன்றாகத்தான் வீசியது.

இதிலிருந்து உங்கள் வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது மிகவும் குறிப்பானது. கவுன்டி வரைபடத்தில் தனியார் நிலம், பொது நிலம், சமூக நிலம் மூன்றையும் வண்ணம் பிரியுங்கள். 2016ஆம் ஆண்டு சமூக நிலச் சட்டப்படி பதிவு செய்யப்படாத சமூக நிலத்தைக் கவுன்டி அரசு அந்தச் சமூகத்துக்காகப் பாதுகாத்து வைத்திருக்கிறதே தவிர, அதை விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ அதற்கு உரிமை இல்லை. பதிவான சமூக நிலத்தில் முதலீட்டு ஒப்பந்தம் போட வேண்டுமானால், அதற்காகவே கூட்டப்படும் சபையில் வயது வந்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகையால் முதலீட்டாளர் வருவதற்கு முன் கவுன்டி செய்யக்கூடிய மிகச் சிறந்த உதவி, அந்தச் சமூகங்களின் நிலத்தைப் பதிவு செய்ய உதவுவது. எரிசக்தித் திட்டத்தில் நிலப் பதிவுக்கு ஏன் பணம் என்று யாராவது கேட்டால் மெரு தீர்ப்பைக் காட்டுங்கள்.

மேய்ச்சல் வழித்தடங்கள் பட்டாவில் தெரியாது. கோடையில் எந்தப் பக்கம் மந்தை போகிறது, வறட்சியில் எந்தக் கிணறு கடைசிப் புகலிடம் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்களை வைத்தே வரைபடத்தில் குறியுங்கள். நேமா என்ற சுற்றுச்சூழல் ஆணையத்தின் உரிமத்துக்கும் இது பின்னால் பயன்படும்.

பணம் எந்தப் பையிலிருந்து வரும்?

கவுன்டி நினைத்தவுடன் கடன் வாங்க முடியாது. தேசிய அரசின் உத்தரவாதமும் கவுன்டிச் சட்டசபையின் ஒப்புதலும் வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது. மின்சாரத்தை மொத்தமாக வாங்கும் இடத்தில் கவுன்டி இல்லை. அந்த இடத்தில் கென்யா பவர்தான். அதன் புதிய கொள்முதல் ஒப்பந்தங்கள் சில ஆண்டுகள் நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததும் நினைவில் இருக்கட்டும். 'எங்கள் கவுன்டியில் 200 மெகாவாட் சோலார் பூங்கா' என்று அறிவிக்கும் ஆளுநர், தன் கையில் இல்லாத பேனாவால் கையெழுத்துப் போடுகிறார்.

எனவே திட்டங்களை யாருடைய பணம் என்ற அடிப்படையில் பிரித்து எழுதுங்கள். டீசலை மிச்சப்படுத்தும் கிணறு, மருந்தகம், தெருவிளக்கு ஆகியவை கவுன்டியின் சொந்தப் பணத்தில். வறட்சியும் தண்ணீரும் கலந்த திட்டங்களுக்குப் பருவநிலை நிதி உண்டு. மக்குவேனி 2015லேயே இதற்கென விதிகள் வகுத்து வளர்ச்சி நிதியில் ஒரு பங்கை ஒதுக்கியது. 2021 முதல் உலக வங்கி ஆதரவோடு இது மற்ற கவுன்டிகளுக்கும் பரவியது. வார்டு குழு முன்மொழிந்த திட்டமாக இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. உங்கள் பராசா குறிப்புகள் நேராக அங்கே பயன்படும். துர்க்கானா, மர்சபிட், வஜீர், மண்டேரா, கரிசா, நரோக் உள்ளிட்ட 14 பின்தங்கிய கவுன்டிகளுக்கு உலக வங்கி நிதியில் கோசாப் என்ற தனி சோலார் திட்டம் கொண்டுவரப்பட்டது. அது எந்த ஊர்களைத் தேர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, விடுபட்டவற்றை நீங்கள் எடுங்கள்.

தனியார் பணம் விரைவாக வரக்கூடிய இடம் கூரைகள். பூப்பண்ணைகள், தேயிலை ஆலைகள், ஹோட்டல்கள், தனியார் மருத்துவமனைகள். சொந்தப் பயன்பாட்டுக்கு ஒரு மெகாவாட் வரை உற்பத்தி செய்ய உரிமம் தேவையில்லை. மிஞ்சியதைக் கட்டமைப்புக்குக் கொடுத்துக் கணக்கில் கழித்துக்கொள்ள 2024இல் விதிகள் வந்திருக்கின்றன. அதற்கும் வரம்பு ஒரு மெகாவாட். இங்கே கவுன்டி பணம் போட வேண்டாம். கட்டட அனுமதியை இழுத்தடிக்காமல், புதுப் புதுக் கட்டணம் போடாமல் இருந்தாலே போதும். எந்த அலுவலகத்தில் எந்தத் தாள், எத்தனை நாள், எவ்வளவு கட்டணம் என்று ஒரே பக்கத்தில் எழுதி வெளியிடுங்கள். முதலீட்டாளர் மாநாடு நடத்துவதைவிட அந்த ஒரு பக்கம் அதிகம் உதவும்.

நாட்காட்டி

எவ்வளவு நல்ல திட்டமானாலும் தேதி தவறினால் ஓராண்டு போச்சு. கென்யாவின் நிதியாண்டு ஜூலை 1 தொடங்குகிறது. அதற்கு முந்தைய செப்டம்பர் 1க்குள் ஆண்டு வளர்ச்சித் திட்டம் சட்டசபைக்குப் போக வேண்டும். பிப்ரவரி 28க்குள் நிதி உத்தி அறிக்கை. ஏப்ரல் 30க்குள் வரவு செலவு மதிப்பீடு. உங்கள் கிணறுகள் செப்டம்பர் ஆவணத்தில் பெயரோடு இல்லாவிட்டால், ஏப்ரலில் பணம் ஒதுக்கச் சொல்லிக் கெஞ்சுவது வீண்.

இதற்கு மேலே ஐந்தாண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டம் இருக்கிறது. இப்போது நடப்பில் உள்ளது 2023 முதல் 2027 வரை. 2027 ஆகஸ்டில் பொதுத்தேர்தல். புதிய ஆளுநர், புதிய சபை, அடுத்த ஐந்தாண்டுத் திட்டம். தேர்தலுக்கு முன் உங்கள் ஆவணத்தைச் சட்டசபையில் நிறைவேற்றிவிடப் பாருங்கள். ஆளுநரின் முன்னுரையோடு மட்டும் வெளியான திட்டம், ஆளுநர் மாறியதும் அட்டையோடு சேர்ந்து பழையதாகிவிடும்.

மூன்று ஆண்டு கழித்துத் திரும்பிப் பார்க்கும் ஏற்பாடு

மறுபரிசீலனைக்கு வேண்டியதை முதல் நாளிலேயே வைத்துவிடுங்கள். பெரிய கண்காணிப்புச் சட்டகம் எதுவும் வேண்டாம். எத்தனை கிணறுகள் டீசலிலிருந்து மாறின, அவற்றில் இன்றைக்கு எத்தனை ஓடுகின்றன, டீசல் செலவு எவ்வளவு இறங்கியது, எத்தனை மருந்தகங்களில் தடுப்பூசிக் குளிர்பெட்டி ஆண்டு முழுவதும் நிற்காமல் ஓடியது, எத்தனை வீடுகளில் விறகு குறைந்தது. நட்ட எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே ஓடுகிற எண்ணிக்கையையும் எழுத ஒரு கட்டம் போடுங்கள். முதல் எண் மட்டும் இருக்கும் அட்டவணையை யாரும் தட்டிக்கேட்க முடியாது.

உங்கள் ஒப்பந்தம் முடியும் முன், வரைபடக் கோப்புகள், கிணற்றுக் கணக்குத் தாள்கள், பராசா பதிவுகள் எல்லாவற்றையும் கவுன்டியின் திட்ட அலுவலரிடம் கொடுங்கள். அச்சிட்ட புத்தகமும் பிடிஎஃபும் மட்டும் கொடுத்துவிட்டு வந்தால் அடுத்த ஆலோசகர் முதலிலிருந்து தொடங்குவார், கவுன்டி இரண்டாம் முறையும் அதே வேலைக்குக் காசு கொடுக்கும். அந்த அலுவலகத்திலேயே ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு கிணற்றின் உயரத்தையும் சுரப்பையும் மாற்றிப் போட்டு எத்தனை பேனல் என்று அவரே கணக்கிட்டுச் சொல்லும் வரை இருந்துவிட்டு விமானம் ஏறுங்கள்.